கோடோவில் செய்ததை பிரவுசரில் ஓட்டும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளையாட்டுகளை உருவாக்கும் கோடோ எஞ்சினில் செய்த விளையாட்டையோ கருவியையோ பிரவுசரில் ஏற்றுபவர்களுக்கு ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் கோடோ 4.3-க்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும் பொருந்தும். 4.0 முதல் 4.2 வரை வேறுபடும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

1. எக்ஸ்போர்ட் பண்ணின ஹெச்டிஎம்எல் கோப்பை டபுள் கிளிக் பண்ணா ஒண்ணுமே ஓடலை. ஏன்?

முகவரிப் பட்டையைப் பாருங்கள். அது "ஃபைல்://" என்று தொடங்கினால் காரணம் அதுதான். எக்ஸ்போர்ட்டில் கிடைப்பது ஒற்றைக் கோப்பு இல்லை. பக்கத்துக்கு ஒரு டாட் ஹெச்டிஎம்எல், எஞ்சினைக் கிளப்பிவிட ஒரு டாட் ஜேஎஸ், எஞ்சினே அடங்கிய டாட் வாஸ்ம், உங்கள் காட்சிகளும் படங்களும் ஸ்கிரிப்டுகளும் அடங்கிய டாட் பிசிகே என்று ஒரு கூட்டமே வரும். பக்கம் திறந்ததும் மற்றவற்றைக் கேட்டு வாங்கும். வட்டிலிருந்து நேரடியாகத் திறந்த பக்கம் அப்படிக் கேட்டால் பிரவுசர் கொடுக்காது.

ஆகவே சோதனைக்குக்கூட ஒரு சர்வர் வேண்டும். எக்ஸ்போர்ட் சாளரத்தில் வெப் பிரீசெட் (வெப்புக்கான எக்ஸ்போர்ட் அமைப்புகளின் தொகுப்பு) ஒன்றைச் சேர்த்து அதை 'ரன்னபிள்' ஆக்குங்கள். எடிட்டரின் மேல் வலதுபுறம் உள்ள ரிமோட் டீபக் பொத்தானில் 'ரன் இன் பிரவுசர்' வந்துவிடும். எடிட்டரே 8060 போர்ட்டில் ஒரு சர்வரை ஓட்டிக் காட்டும்.

அதே வைஃபையில் இருக்கும் போனில் 192.168 என்று தொடங்கும் முகவரியைப் போட்டுப் பார்ப்பவர்கள் கவனிக்க: லோக்கல்ஹோஸ்டை மட்டும்தான் பிரவுசர் ஹெச்டிடிபிஎஸ் இல்லாமலே பாதுகாப்பான இடமாக எண்ணும். போனுக்கு உங்கள் கம்ப்யூட்டர் லோக்கல்ஹோஸ்ட் இல்லை. 'செக்யூர் கான்டெக்ஸ்ட்' இல்லை என்று எஞ்சின் நின்றுவிடும். எடிட்டர் செட்டிங்ஸில் வெப் எக்ஸ்போர்ட்டுக்கான டிஎல்எஸ்ஸை (ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு அடியில் உள்ள குறியாக்கத்தை) இயக்கிக்கொள்ளுங்கள். அல்லது ஹெச்டிடிபிஎஸ் உள்ள ஒரு இடத்தில் ஏற்றிப் பாருங்கள்.

2. டெஸ்க்டாப்ல ஓடுறது அப்படியே பிரவுசர்லயும் ஓடணும்தானே? அதுக்குத்தானே எக்ஸ்போர்ட்?

வின்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போவது ஒரு சொந்த வீட்டிலிருந்து இன்னொரு சொந்த வீட்டுக்குக் குடி போவது. பிரவுசர் வாடகை வீடு. ஆணி அடிப்பதானாலும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். கோப்பு, ஒலி, முழுத்திரை, மவுஸ், கிளிப்போர்டு, நெட்வொர்க் எல்லாமே பிரவுசர் அனுமதித்தால்தான். அந்த அனுமதியில் பாதி, பயனர் ஒரு பொத்தானை அழுத்திய அந்தக் கணத்தில் மட்டும்தான் கிடைக்கும். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தில்தான் போய் முடிகின்றன.

வேலை முடிந்த பிறகு "கடைசியில் வெப்புக்கும் ஒரு எக்ஸ்போர்ட்" என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் வாரத்திலேயே வெப் பிரீசெட்டைச் சேர்த்து, வாரம் ஒரு தடவையாவது பிரவுசரில் ஓட்டிப் பாருங்கள்.

3. சி ஷார்ப்ல எழுதியிருக்கேன். எக்ஸ்போர்ட் லிஸ்ட்ல வெப் இருக்கு, ஆனா விட மாட்டேங்குதே?

கோடோ 4-இல் சி ஷார்ப் திட்டங்களை வெப்புக்கு எக்ஸ்போர்ட் செய்ய முடியாது. கோடோ 3-இல் முடிந்தது. நான்காம் பதிப்பில் மோனோவை விட்டு டாட்நெட்டுக்கு மாறினார்கள். எஞ்சின் டாட்நெட்டைத் தனக்குள் ஏற்றிக்கொள்ளும் முறையும், வெப்அசெம்பிளியில் (பிரவுசருக்குள் ஓடும் குறியீட்டு வடிவம், டாட் வாஸ்ம் கோப்பில் இருப்பது) டாட்நெட் தொடங்க விரும்பும் முறையும் ஒத்துப்போகவில்லை.

வெப் கட்டாயம் என்றால் கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டில் எழுதுங்கள். முழுக்க ஜிடிஸ்கிரிப்டில் எழுதிவிட்டு டாட்நெட் எடிட்டரில் திறந்து வைத்திருப்பவர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்கள் சாதாரண எடிட்டரை இறக்கித் திறந்தாலே போதும்.

4. எடிட்டர்ல அழகா இருந்த பனிமூட்டம், வெளிச்சம் எல்லாம் பிரவுசர்ல காணோம். செட்டிங் எங்கே?

அதற்கு செட்டிங் இல்லை. கோடோவில் காட்சியைத் திரையில் வரைய மூன்று ரெண்டரர்கள் உண்டு: ஃபார்வர்டு பிளஸ், மொபைல், கம்பேட்டிபிலிட்டி. வெப்பில் கம்பேட்டிபிலிட்டி மட்டும்தான், அதுவும் வெப்ஜிஎல் 2.0 மேல் ஓடுகிறது. எஸ்டிஎஃப்ஜிஐ, வாக்ஸல்ஜிஐ, வால்யூமெட்ரிக் ஃபாக், டெக்கல், கம்ப்யூட் ஷேடர் ஆகியவை இதில் கிடையாது. எடிட்டரின் மேல் வலது மூலையில் ரெண்டரர் பெயர் இருக்கும். அதை இப்போதே கம்பேட்டிபிலிட்டிக்கு மாற்றிவிட்டு வேலை செய்யுங்கள். பிறகு பார்ப்பது எடிட்டரிலும் பிரவுசரிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்.

வெளிச்சத்துக்கு மாற்று, லைட்மேப்பை எடிட்டரிலேயே சுட்டு எடுத்து அனுப்புவது. 2டி வேலை செய்பவர்களுக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

5. "கிராஸ் ஆரிஜின் ஐசொலேஷன், ஷேர்ட்அரேபஃபர் இல்லை"ன்னு எழுதி நின்னுடுது. என் கம்ப்யூட்டர்ல ஓடிச்சே?

உங்கள் கம்ப்யூட்டரில் ஓடியது, எடிட்டரின் சர்வர் இரண்டு ஹெடர்களை (கோப்போடு சர்வர் பிரவுசருக்கு அனுப்பும் குறிப்புகள்) தானே சேர்த்து அனுப்பியதால். நீங்கள் ஏற்றிய சர்வர் அவற்றை அனுப்பவில்லை.

பின்னணி இதுதான். பல த்ரெட்டுகள் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நினைவகத்தைப் பகிர ஷேர்ட்அரேபஃபர் வேண்டும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் ஓட்டை வெளியானபோது பிரவுசர்கள் அதை மூடிவிட்டன. பிறகு "பக்கம் மற்ற தளங்களிலிருந்து தன்னைத் தனிமைப்படுத்திக்கொண்டால் தருகிறோம்" என்ற நிபந்தனையோடு ஃபயர்ஃபாக்ஸ் 2020-இலும் சஃபாரி 2021-இலும் திறந்தன. அதற்கு முன்பே திறந்துவிட்டிருந்த டெஸ்க்டாப் குரோம் 2021-இல் அதே நிபந்தனையை விதித்தது. அந்தத் தனிமைக்கான இரண்டு ஹெடர்கள்: கிராஸ்-ஆரிஜின்-ஓப்பனர்-பாலிசி, அதன் மதிப்பு சேம்-ஆரிஜின். கிராஸ்-ஆரிஜின்-எம்பெடர்-பாலிசி, அதன் மதிப்பு ரிக்வயர்-கார்ப். சரியாக வந்ததா என்று பார்க்க எஃப்12 அழுத்தி கன்சோலில் 'கிராஸ்ஆரிஜின்ஐசொலேட்டட்' என்ற மாறியைக் கேளுங்கள். 'ட்ரூ' வர வேண்டும். என்ஜின்எக்ஸில் ஒரு பொறி உண்டு: ஒரு லொகேஷன் பிளாக்குக்குள் ஏதாவது ஒரு ஆட்_ஹெடர் எழுதினால், மேலே சர்வர் பிளாக்கில் எழுதிய ஆட்_ஹெடர்கள் அங்கே செல்லாது. "போட்டிருக்கேன், ஆனா வரலை" என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

ஹோஸ்டிங் சேவையான கிட்ஹப் பேஜஸில் ஹெடர்களை நீங்கள் வைக்க முடியாது. எக்ஸ்போர்ட் அமைப்பில் புராகிரஸிவ் வெப் ஆப் பகுதியை இயக்கி, ஐசொலேஷன் ஹெடர்களை உறுதிசெய்யும் தேர்வையும் போட்டால், ஒரு சர்வீஸ் ஒர்க்கர் (பக்கத்தின் பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்) அந்த ஹெடர்களைப் பிரவுசருக்குள்ளேயே ஒட்டிவிடும். விளையாட்டுகளை வெளியிடும் தளமான இட்ச் டாட் ஐஓ-வில் ஷேர்ட்அரேபஃபருக்கென்று ஒரு டிக் பெட்டியே இருக்கிறது. உங்கள் பக்கத்தை இன்னொரு தளம் ஐஃப்ரேமில் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் பெட்டியில்) வைத்தால் அந்தத் தாய்ப் பக்கமும் தனிமைப்பட்டிருக்க வேண்டும். அங்கேதான் பலர் முட்டிக்கொள்கிறார்கள்.

6. இவ்வளவு தலைவலி எதுக்கு? த்ரெட் இல்லாமலே ஓட்ட முடியாதா?

முடியும். 2024 ஆகஸ்டில் வந்த 4.3 முதல் 'த்ரெட் சப்போர்ட்' என்பது வெப் பிரீசெட்டில் ஒரு தேர்வு மட்டுமே, இயல்பாக அது அணைந்தே இருக்கும். அணைத்தால் 5-ஆம் பதிலில் சொன்ன எதுவும் தேவையில்லை, எந்தச் சாதாரண ஹோஸ்டிங்கிலும் ஓடும். 4.0 முதல் 4.2 வரை த்ரெட் கட்டாயம். பழைய டுடோரியல்கள் எல்லாம் ஹெடர் ஹெடர் என்று அலறுவது அதனால்தான்.

இழப்பும் உண்டு. பின்னணியில் ஏற்றுவதாக நீங்கள் எழுதிய காட்சி மெயின் த்ரெட்டிலேயே ஏறும், அந்த நேரம் திரை உறையும். பெரிய காட்சியைத் துண்டுகளாக்கி, ஒரு ஃபிரேமுக்கு ஒன்றாக ஏற்றுங்கள். எங்கள் கருத்து: கனமான 3டி உலகமோ, பின்னணியில் ஓயாமல் கணக்கிட வேண்டிய கருவியோ இல்லையென்றால் த்ரெட்டைத் தொடாதீர்கள். த்ரெட் உள்ள எக்ஸ்போர்ட் ஆப்பிள் சாதனங்களில் தகராறு செய்வதும் உண்டு.

7. முதல் கிளிக் வரைக்கும் பாட்டே வரலை. பக் தானே?

பக் இல்லை. பயனர் பக்கத்தைத் தொடும் வரை ஒலி கூடாது என்பது பிரவுசர்களின் விதி. கேட்காமல் அலறும் விளம்பரங்களைத் தடுக்க வந்தது. முதலில் "தொடங்கு" என்று ஒரு பொத்தான் உள்ள திரையைக் காட்டி, அதை அழுத்திய பிறகு தலைப்புப் பாட்டை ஆரம்பியுங்கள். 2-ஆம் பதிலில் சொன்ன அனுமதி விஷயத்தின் முதல் உதாரணம் இது.

8. ரிவெர்ப் எல்லாம் போட்டிருந்தேன், பிரவுசர்ல சப்புன்னு இருக்கு.

த்ரெட் இல்லாத எக்ஸ்போர்ட்டில் ஒலியையும் மெயின் த்ரெட்டே கலக்க வேண்டும். ஒரு ஃபிரேம் தாமதமானாலும் கரகரவென்று கேட்கும். அதைத் தவிர்க்க 4.3-இல் 'சாம்பிள்' என்ற முறை வந்தது. ஒலிக்கோப்பை அப்படியே பிரவுசரின் வெப் ஆடியோவிடம் ஒப்படைத்துவிடுவார்கள். வெப்பில் அதுதான் இயல்பு. கரகரப்பு போய்விடும். ஆனால் எஞ்சின் அந்த ஒலியைத் தொடுவதே இல்லை என்பதால் பஸ் எஃபெக்ட்டுகள், ரிவெர்ப், டாப்ளர் எதுவும் வேலை செய்யாது. குறியீட்டால் ஒலியை உருவாக்கும் ஆடியோஸ்ட்ரீம்ஜெனரேட்டரும் சாம்பிள் முறையில் பேசாது.

ஒவ்வொரு ஆடியோ பிளேயரிலும் 'பிளேபேக் டைப்' என்று ஒரு இடம் உண்டு. எஃபெக்ட் அவசியமான ஒன்றிரண்டு ஒலிகளுக்கு மட்டும் அதை 'ஸ்ட்ரீம்' ஆக்குங்கள். குகைக்குள் நடக்கும் காலடி ஓசைக்கு ரிவெர்ப் வேண்டுமென்றால் ரிவெர்ப் சேர்த்தே பதிவு செய்த ஓசையைப் போடுவது இன்னும் எளிது.

9. எடிட்டர்ல தமிழ் நல்லா தெரியுது. பிரவுசர்ல வெறும் கட்டம் கட்டமா வருது!

தமிழில் செய்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டும் இடம். கோடோவோடு வரும் இயல்பு ஃபான்ட்டில் தமிழ் எழுத்துகளே கிடையாது. எடிட்டரில் தமிழ் தெரிந்தது, எஞ்சின் ஓசைப்படாமல் உங்கள் கம்ப்யூட்டரின் ஃபான்ட்டைக் கடன் வாங்கியதால். வின்டோஸ் என்றால் பெரும்பாலும் அது நிர்மலா. பிரவுசருக்குள் இருக்கும் எஞ்சினுக்குக் கம்ப்யூட்டரில் உள்ள ஃபான்ட்டுகள் கண்ணுக்கே தெரியாது. கடன் வாங்க ஆள் இல்லை, ஆகவே கட்டம்.

தீர்வு: நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு இலவச ஃபான்ட்டைத் திட்டத்தின் கோப்புறைக்குள் போடுங்கள். புராஜெக்ட் செட்டிங்ஸில் ஜியூஐ, தீம் பகுதியில் 'கஸ்டம் ஃபான்ட்' இடத்தில் அதைக் கொடுங்கள். ஆங்கிலமும் கலந்து வருமானால் ஆங்கில ஃபான்ட்டை முதன்மையாக வைத்து, அதன் இறக்குமதி அமைப்பில் 'ஃபால்பேக்' பட்டியலில் தமிழ் ஃபான்ட்டைச் சேருங்கள். தனித்தனி லேபிள்களில் ஏற்கெனவே வேறு ஃபான்ட் வைத்திருந்தால் அவற்றுக்கும் ஃபால்பேக் தனியாக வேண்டும். ஒரு பொத்தானில் மட்டும் கட்டம் வந்தால் அதைத்தான் மறந்திருப்பீர்கள். சோதிக்க, இறக்குமதி அமைப்பில் 'அலோ சிஸ்டம் ஃபால்பேக்'கை அணைத்துவிடுங்கள். இனி பிரவுசரில் உடைவது எடிட்டரிலேயே உடைந்து தெரியும்.

எழுத்து வருகிறது, ஆனால் "கொ" என்பதில் கொம்பு இடப்பக்கம் போகாமல் தனியாகத் தொங்குகிறது என்றால் அது வேறு நோய். தமிழின் உயிர்மெய்க் குறிகளை இடம் மாற்றி அமைப்பது 'அட்வான்ஸ்டு' டெக்ஸ்ட் சர்வர். அதிகாரபூர்வ டெம்ப்ளேட்டுகளில் (எக்ஸ்போர்ட்டுக்கென்று முன்பே தொகுத்துவைத்த எஞ்சின்) அது இருக்கிறது. அளவைக் குறைக்கிறேன் என்று நீங்களோ நண்பரோ தொகுத்த டெம்ப்ளேட்டில் அதை வெட்டி எறிந்திருப்பீர்கள். அடுத்த கேள்விக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு.

10. ஒரு சின்ன பசில் கேம். அதுக்கு எதுக்கு இத்தனை எம்பி டவுன்லோட்?

விளையாட்டு சின்னதுதான், எஞ்சின் சின்னதில்லை. ஒரே ஒரு சதுரம் நகரும் விளையாட்டானாலும் 3டி, இயற்பியல், ஒலி, நெட்வொர்க் எல்லாம் அடங்கிய டாட் வாஸ்ம் முழுதாக இறங்கும். சுருக்காமல் அனுப்பினால் பல பத்து எம்பி இருக்கும். ஜிஸிப்பில் சுருக்கினால் ஏறத்தாழ கால் பங்காகும், பிராட்லி இன்னும் குறைக்கும். எனவே எதையும் வெட்டுவதற்கு முன் சர்வர் சுருக்கி அனுப்புகிறதா என்று பாருங்கள். எஃப்12, நெட்வொர்க் டேப், டாட் வாஸ்ம் வரி, அதில் 'கன்டென்ட்-என்கோடிங்'. அந்த வரியே இல்லையென்றால் பயனரின் டேட்டா பேக் வீணாகிறது என்று அர்த்தம். கிட்ஹப் பேஜஸ் தானே ஜிஸிப் செய்கிறது. சொந்த சர்வரில் டாட் வாஸ்முக்கு 'அப்ளிகேஷன்/வாஸ்ம்' என்ற வகைப்பெயர் போகிறதா என்றும் பாருங்கள். அது சரியாக இருந்தால் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பிரவுசர் தொகுக்கத் தொடங்கிவிடும்.

அதற்கு மேலும் குறைக்க, எம்ஸ்கிரிப்டனை (சி பிளஸ் பிளஸ் குறியீட்டை வெப்அசெம்பிளியாக்கும் கருவி) நிறுவி டெம்ப்ளேட்டை நீங்களே தொகுக்கலாம். 'ஆப்டிமைஸ்' மதிப்பை 'சைஸ்' ஆக்குங்கள். 2டி மட்டும் என்றால் 3டியை முடக்குங்கள். எடிட்டரின் பில்ட் புரொஃபைல் மூலம் பயன்படுத்தாத வகுப்புகளை நீக்குங்கள். தமிழ் இருந்தால் 9-ஆம் பதிலில் சொன்ன டெக்ஸ்ட் சர்வரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

டாட் பிசிகே பக்கம் பெரும்பாலும் ஒலிதான் குற்றவாளி. பின்னணி இசையை வேவ் கோப்பாக வைத்திருந்தால் ஆக் வார்பிஸுக்கு மாற்றுங்கள். பின்பகுதி நிலைகளைத் தனி பிசிகே ஆக்கி, விளையாட்டு தொடங்கிய பிறகு ஹெச்டிடிபிரிக்வெஸ்ட் மூலம் இறக்கி ரிசோர்ஸ் பேக்காக ஏற்றவும் முடியும். இட்ச் டாட் ஐஓ-வில் விரித்த பிறகு மொத்தம் 500 எம்பி, ஒரு கோப்பு 200 எம்பி, கோப்புகளின் எண்ணிக்கை 1000 என்று வரம்பு உண்டு. கிட்ஹப்பில் ஒரு கோப்பு 100 எம்பியைத் தாண்டக் கூடாது.

11. சேவ் பண்ணினது மறுநாள் காணாம போயிடுது.

டெஸ்க்டாப்பில் 'யூசர்://' என்பது வட்டில் உள்ள ஒரு கோப்புறை. பிரவுசரில் அது நினைவகத்தில் இருக்கும் ஒரு பொய்யான கோப்புறை. அவ்வப்போது அதை இண்டெக்ஸ்ட்டிபி என்ற பிரவுசர் சேமிப்பில் படியெடுத்து வைப்பார்கள். அந்தப் படியெடுப்பு உடனே நடப்பதில்லை. சேமித்த அதே நொடியில் பயனர் டேபை மூடினால் எழுதியது போகலாம். ஆகவே "வெளியேறும்போது சேமி" என்ற பழக்கத்தை விட்டு, ஒவ்வொரு நிலை முடியும்போதும் சேமியுங்கள்.

இன்காக்னிட்டோவில் எதுவும் தங்காது. குக்கீயைத் தடுத்திருந்தால் தங்காது. உங்கள் விளையாட்டு இன்னொரு தளத்தின் ஐஃப்ரேமுக்குள் இருந்தால் மூன்றாம் தரப்பு குக்கீ தடையே போதும், சேமிப்பு கிடைக்காது. சஃபாரி இன்னும் கறார்: பயனர் ஏழு நாள் அந்தத் தளத்தைத் தொடாமல் பிரவுசரைப் பயன்படுத்தினால் ஸ்கிரிப்ட் எழுதிய சேமிப்பைத் துடைத்துவிடும். ஹோம் ஸ்கிரீனில் சேர்த்த ஆப்புக்கு இந்த ஏழு நாள் கணக்கு இல்லை. தொடக்கத்தில் ஓஎஸ் வகுப்பின் 'இஸ்_யூசர்எஃப்எஸ்_பெர்சிஸ்டென்ட்' கேட்டுப் பார்த்து, 'ஃபால்ஸ்' என்றால் "இங்கே சேமிப்பு தங்காது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நாகரிகம். நாள் கணக்கில் உழைத்துச் சேர்ப்பவை என்றால் சேமிப்பைக் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் வழி கொடுங்கள். எப்படி என்பது அடுத்த பதிலில்.

12. ஃபைல் டயலாக் திறந்தா என் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரே வரலை. வேற ஏதோ காட்டுது.

அது காட்டுவது 11-இல் சொன்ன பொய்யான கோப்புறை. பயனரின் வட்டைக் கோடோவின் ஃபைல்டயலாக்கால் பார்க்க முடியாது.

வெளியே கொடுப்பது எளிது. ஜாவாஸ்கிரிப்ட்பிரிட்ஜில் 'டவுன்லோட்_பஃபர்' என்ற செயற்கூறுக்கு பைட்டுகளையும் கோப்புப் பெயரையும் கொடுத்தால், பிரவுசர் சாதாரண டவுன்லோட் போல இறக்கிவிடும். உள்ளே வாங்குவதுதான் சுற்றுவழி: அதே பிரிட்ஜ் மூலம் ஹெச்டிஎம்எல்லின் 'இன்புட் டைப் ஃபைல்' ஒன்றை உருவாக்கி, அதைக் கிளிக் செய்ய வைத்து, கோப்பு தேர்வானதும் உள்ளடக்கத்தை ஒரு கால்பேக்கில் வாங்க வேண்டும். 'கிரியேட்_கால்பேக்' திருப்பித் தரும் பொருளை ஸ்கிரிப்டின் மேல்மட்ட மாறியில் பிடித்து வையுங்கள். செயற்கூறுக்குள் உள்ள மாறியில் வைத்தால் செயற்கூறு முடிந்ததும் அது அழிந்துவிடும். பயனர் கோப்பைத் தேர்ந்தெடுப்பார், ஒன்றும் நடக்காது, எரரும் வராது. மணிக்கணக்கில் தேட வைக்கும் பிழை இது.

கிளிப்போர்டும் இதே வகை. நகலெடுப்பது பெரும்பாலும் நடக்கும். ஒட்டுவது பிரவுசர் எப்போது அனுமதிக்கிறதோ அப்போதுதான் வரும். ஜிடிஸ்கிரிப்டில் படித்த மறு வரியிலேயே விடை இருக்கும் என்று நம்பாதீர்கள்.

13. ஃபுல்ஸ்கிரீன் செட்டிங் ஆன்ல இருக்கு, ஆனாலும் சின்ன ஜன்னல்லதான் வருது. மவுஸும் பூட்ட மாட்டேங்குது.

தொடக்கத்திலேயே முழுத்திரை என்பது வெப்பில் இல்லை. பயனர் ஒரு விசையையோ பொத்தானையோ அழுத்திய நிகழ்வுக்குள் கேட்டால்தான் பிரவுசர் தரும். '_இன்புட்' அல்லது '_அன்ஹேண்டில்டு_இன்புட்' செயற்கூறுக்குள் எழுதுங்கள். '_ப்ராசஸ்' செயற்கூறில் "இந்த விசை அழுத்தப்பட்டிருக்கிறதா" என்று பார்த்துவிட்டுக் கேட்டால் காலம் கடந்துவிட்டிருக்கும். ஐபோன் சஃபாரியில் முழுத்திரையை நம்பி எதையும் வடிவமைக்காதீர்கள்.

மவுஸ் பூட்டுக்கும் இதே விதி. எஸ்கேப் அழுத்தினால் பூட்டு திறக்கும், அதை நீங்கள் தடுக்க முடியாது. அப்படித் திறந்ததும் உடனே மறுபடி பூட்டக் கேட்டால் குரோம் மறுக்கும். அதனால் எஸ்கேப் வந்ததும் இடைநிறுத்தத் திரையைக் காட்டி, "தொடர" பொத்தானைக் கிளிக் செய்யும்போது பூட்டுங்கள்.

14. விளையாடிட்டு இருக்கும்போதே டேப் மூடிப்போச்சுன்னு சொல்றாங்க. கிராஷா?

குனிவதற்கு கன்ட்ரோல், முன்னே போக டபிள்யூ என்று வைத்திருக்கிறீர்களா? குனிந்தபடி முன்னே போனால் கன்ட்ரோல் டபிள்யூ. டேபை மூடும் குறுக்குவழி. கன்ட்ரோலோடு டி (புது டேப்), என் (புது ஜன்னல்) ஆகிய விசைகள் சேர்ந்தவையும் பிரவுசருக்கே சொந்தம், உங்கள் கைக்கு வந்து சேராது. வெப் பதிப்பில் குனிவதை சி விசைக்கு மாற்றிவிடுங்கள்.

15. வேற டேப்புக்குப் போய் வந்தா ஆன்லைன் மேட்ச் கட் ஆகியிருக்கு.

டேப் மறைந்ததும் பிரவுசர் ஃபிரேம் தருவதை நிறுத்திவிடும். '_ப்ராசஸ்', '_ஃபிசிக்ஸ்_ப்ராசஸ்' இரண்டும் நிற்கும். நெட்வொர்க்கைப் பார்ப்பதும் அதோடு நிற்பதால் எதிர்முனை "ஆள் போய்விட்டார்" என்று முடிவுகட்டுகிறது. சர்வரின் காத்திருப்பு நேரத்தைக் கூட்டுங்கள், திரும்பி வந்தால் தானே மறுபடி இணையும்படி எழுதுங்கள். பயிர் வளர்வது, கட்டடம் எழும்புவது போன்றவற்றை ஃபிரேம்களைக் கூட்டிக் கணக்கிடாமல் கடிகார நேரத்தின் வித்தியாசத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

16. ஈநெட் மல்டிபிளேயர் டெஸ்க்டாப்ல அருமையா ஓடுது. வெப்ல கனெக்ட்டே ஆகலை.

ஈநெட் என்ற நெட்வொர்க் நூலகம் யூடிபி மேல் ஓடுவது. பிரவுசர் பச்சை யூடிபியையும் பச்சை டிசிபியையும் எந்தப் பக்கத்துக்கும் தருவதில்லை. கிடைப்பவை வெப்சாக்கெட், வெப்ஆர்டிசி, ஹெச்டிடிபி. எதிர்முனையின் செயற்கூறை இங்கிருந்து அழைக்கும் கோடோவின் ஆர்பிசி முறையை மாற்ற வேண்டியதில்லை. அடியில் உள்ள பியரை மட்டும் வெப்சாக்கெட் மல்டிபிளேயர் பியராக மாற்றினால் பெரும்பாலான குறியீடு அப்படியே நிற்கும். வெப்சாக்கெட்டில் தொலைந்த பொட்டலம் வரும் வரை பின்னால் வருபவை காத்திருக்கும். துப்பாக்கிச் சண்டைக்கு அது ஆகாது, வெப்ஆர்டிசி பாருங்கள். சீட்டாட்டத்துக்குத் தாராளம்.

பக்கம் ஹெச்டிடிபிஎஸ் என்றால் சாக்கெட்டும் 'டபிள்யூஎஸ்எஸ்' ஆக இருக்க வேண்டும், வெறும் 'டபிள்யூஎஸ்' தடுக்கப்படும். வேறு தளத்தின் ஏபிஐயை அழைத்தால் அந்தத் தளம் சிஓஆர்எஸ் ஹெடர் (வேறு தளப் பக்கங்களும் படிக்கலாம் என்ற அனுமதி) தர வேண்டும், உங்கள் பக்கம் என்ன செய்தாலும் அதைத் தாண்ட முடியாது. இன்னொன்று: ஹெச்டிடிபிகிளையன்ட்டை ஒரு வைல் லூப்புக்குள் போட்டு "பதில் வந்ததா" என்று சுற்றினால் பக்கமே உறைந்துவிடும். ஒரு ஃபிரேமுக்கு ஒரு அடிதான் அது முன்னேறும். ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த ஃபிரேமுக்கு 'அவெயிட்' போடுங்கள். ஹெச்டிடிபிரிக்வெஸ்ட் நோடைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை.

17. ஆண்ட்ராய்டுல ஓடுது. ஐபோன்ல பாதி லோடாகி பக்கமே திரும்ப ஆரம்பத்துலேருந்து வருது.

பெரும்பாலும் நினைவகம். 32 பிட் வெப்அசெம்பிளியின் உச்சவரம்பு 4 ஜிபி, ஆனால் போன் பிரவுசர் அதற்கு வெகு கீழேயே டேபைக் கொன்று மறுபடி ஏற்றும். டெக்ஸ்சர்களில் தொடங்குங்கள். 4096க்கு 4096 அளவுப் படம் ஒன்று சுருக்காமல் கிராபிக்ஸ் நினைவகத்தில் 64 எம்பி எடுக்கும், வட்டில் அது 2 எம்பி பிஎன்ஜியாக இருந்தாலும். பாதி அளவாக்கினால் 16 எம்பி. 3டி டெக்ஸ்சர்களுக்கு விரேம் சுருக்கத்தையும், வெப் பிரீசெட்டில் 'ஃபார் மொபைல்' தேர்வையும் போடுங்கள். டெஸ்க்டாப்புக்கு மட்டும் சுருக்கியவை போனில் செல்லாது. இரண்டையும் போட்டால் டாட் பிசிகே பெருக்கும், 10-ஆம் பதிலின் கவலை திரும்பும்.

18. எடிட்டர்ல இருக்கிற படம் வெப்ல மட்டும் "கிடைக்கலை"ங்குது.

கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் இருக்கும். வின்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், டாட் பிசிகே அப்படி எடுத்துக்கொள்ளாது. எல்லாப் பெயர்களையும் சின்ன எழுத்தில், சொற்களுக்கு இடையே அடிக்கோடு ( _ ) வைத்து எழுதும் பழக்கம் இதைத் தீர்த்துவிடும். ஜேசான், சிஎஸ்வி கோப்புகள் என்றால், அவை இயல்பாக எக்ஸ்போர்ட்டில் சேராமல் விட்டிருக்கவும் கூடும். பிரீசெட்டின் 'ரிசோர்சஸ்' டேபில் சேர்க்க வேண்டிய கோப்பு வகைகளை எழுதுங்கள்.

19. புதுசா ஏத்திட்டேன், ஆனா எல்லோருக்கும் பழைய வெர்ஷன்தான் தெரியுது.

கேச். அதைவிடத் தொல்லை, டாட் ஜேஎஸ் புதியதும் டாட் பிசிகே பழையதுமாகக் கலந்து வருவது. அப்போது விளங்காத எரர்கள் கிளம்பும். கோப்புகளின் பெயரிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்து, ஹெச்டிஎம்எல்லுக்கு மட்டும் கேச் வேண்டாம் என்று ஹெடர் வையுங்கள். 5-இல் சொன்ன புராகிரஸிவ் வெப் ஆப் முறையை எடுத்திருந்தால் சர்வீஸ் ஒர்க்கர் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். ஜாவாஸ்கிரிப்ட்பிரிட்ஜில் 'பிடபிள்யூஏ_நீட்ஸ்_அப்டேட்' பார்த்து, 'பிடபிள்யூஏ_அப்டேட்' அழையுங்கள்.

20. "வெளியேறு" பொத்தானை அழுத்தினா திரை அப்படியே உறைஞ்சு நிக்குது.

எஞ்சின் நின்றுவிட்டது, டேப் நிற்கவில்லை. டேபை மூடும் உரிமை உங்களுக்கு இல்லை. ஓஎஸ் வகுப்பின் 'ஹேஸ்_ஃபீச்சர்' செயற்கூறில் 'வெப்' என்று கேட்டு, ஆம் என்றால் அந்தப் பொத்தானையே மறைத்துவிடுங்கள்.

21. ஸ்கோர் சர்வரோட ரகசிய சாவியை ஸ்கிரிப்ட்ல வெச்சிருக்கேன். எக்ஸ்போர்ட் ஆனா யாரும் பார்க்க முடியாதுல்ல?

பார்க்க முடியும். டாட் பிசிகே எல்லோருடைய கம்ப்யூட்டருக்கும் இறங்குகிறது, பிரித்துப் பார்க்கும் கருவிகள் இலவசம். அதைக் குறியாக்கம் செய்தாலும் திறக்கும் சாவி டாட் வாஸ்முக்குள்ளேயே போகிறது. பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்த கதை. அது போக, நெட்வொர்க் டேபைத் திறந்தால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் பச்சையாகத் தெரியும். சாவியை உங்கள் சர்வரில் வைத்து, விளையாட்டு உங்கள் சர்வரிடம் மட்டும் பேசட்டும். வந்த மதிப்பெண் நடக்கக்கூடியதுதானா என்று சர்வரே சரிபார்க்கட்டும்.

22. சி பிளஸ் பிளஸ் ஜிடிஎக்ஸ்டென்ஷன் ஒண்ணு போட்டிருக்கேன். வெப்ல அது மட்டும் இல்லை.

வின்டோஸுக்குத் தொகுத்த டிஎல்எல் கோப்பு பிரவுசரில் ஓடாது. எக்ஸ்டென்ஷனை எம்ஸ்கிரிப்டனால் வெப்அசெம்பிளிக்குத் தனியாகத் தொகுக்க வேண்டும். பிரீசெட்டில் 'எக்ஸ்டென்ஷன் சப்போர்ட்' இயக்கப்பட்டிருக்க வேண்டும். த்ரெட் உள்ள எக்ஸ்போர்ட்டுக்கு ஒரு தொகுப்பு, இல்லாததற்கு இன்னொன்று, மாற்றிப் போட்டால் ஏறாது. எஞ்சின் டெம்ப்ளேட்டைத் தொகுத்த அதே எம்ஸ்கிரிப்டன் பதிப்பையே பயன்படுத்துங்கள். இணையத்திலிருந்து எடுத்த எக்ஸ்டென்ஷன் என்றால், அதன் கோப்புகளில் 'வெப்' என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மூலக்குறியீடு கிடைத்தால்தான் உண்டு.

23. எல்லாம் ஓடிட்டு இருந்துச்சு. விளம்பரமும் பேமென்ட் பட்டனும் சேர்த்தேன், ரெண்டுமே வெள்ளைப் பெட்டியா நிக்குது.

த்ரெட் சப்போர்ட் இயக்கி, 5-இல் சொன்ன இரண்டு ஹெடர்களை வைத்திருக்கிறீர்கள். எம்பெடர் ஹெடர் வந்த பிறகு, "என்னை மற்றவர்கள் ஏற்றலாம்" என்று தாங்களே சொல்லாத எந்த வெளித்தளப் படமும் ஸ்கிரிப்டும் ஐஃப்ரேமும் உங்கள் பக்கத்துக்குள் வராது. விளம்பர நிறுவனங்களும் பேமென்ட் தளங்களும் அதைச் சொல்ல வேண்டும். அவர்களை நீங்கள் கட்டாயப்படுத்த முடியாது. பேமென்ட் பாப்அப் ஜன்னலில் திறந்தால் ஓப்பனர் ஹெடர் அந்த ஜன்னலுக்கும் உங்கள் பக்கத்துக்கும் இடையிலான தொடர்பை அறுத்துவிடும். பணம் கட்டிய செய்தி திரும்பி வராது.

த்ரெட்டை அணைத்து, இரண்டு ஹெடர்களையும் எடுத்துவிட்டால் இரண்டும் வேலை செய்யும். த்ரெட் இல்லாமல் முடியாது என்றால் பணம் கட்டும் பக்கத்தை ஹெடர் இல்லாத தனி முகவரியில் வையுங்கள். பயனரை அதே டேபில் அங்கே அனுப்பி, கட்டி முடித்ததும் திருப்பிக் கொண்டுவாருங்கள். அனுப்பும் முன் சேமிக்க மறக்காதீர்கள். சேமித்து ஓரிரு நொடி விட்டே அனுப்புங்கள், காரணம் 11-இல் இருக்கிறது.